மஞ்சள் ஆற்றின் மண்கணக்கு

வட சீனத்தின் மஞ்சள் ஆற்றில் முறையான அளவீடு 1919இல் தொடங்கியது. அந்த ஆண்டு முதல் 1959 வரை, மலைப்பள்ளத்தாக்கை விட்டுச் சமவெளியில் இறங்குவதற்குச் சற்று முன்னதாக, ஆறு ஆண்டொன்றுக்குச் சராசரியாக 160 கோடி டன் மண்ணைச் சுமந்து சென்றதாகப் பதிவேடுகள் காட்டுகின்றன. ஏறத்தாழ அதே பகுதியில் 2000ஆம் ஆண்டுக்குப் பிந்தைய சராசரி 25 கோடி டன்னை ஒட்டியே நிற்கிறது. ஒரு மனித ஆயுளுக்குள் ஆற்றின் சுமை ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இதைப் பொறியியலின் சாதனை என்று ஒரு சாராரும், ஆற்றின் அழிவு என்று மற்றொரு சாராரும் எழுதிவருகின்றனர். இரு சாராருமே 160 கோடி என்ற எண்ணை ஆற்றின் பிறவிக்குணமாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஆறு எவ்வளவு விலகியது என்பதை மட்டுமே வாதிக்கின்றனர். கடலடிப் படிவுகளையும் மண்ணில் புதைந்த கிராமங்களையும் தோண்டி ஆராய்ந்தவர்களின் முடிவு வேறு: அந்த எண்ணே இயற்கை கொடுத்ததன்று, ஈராயிரம் ஆண்டு உழவு கொடுத்தது. இதை மனத்தில் கொள்ளாமல் இன்றைய வீழ்ச்சியை எடைபோட முடியாது.

ஹுவாங் ஹே என்று சீனர் வழங்கும் இந்த ஆற்றின் நீளம் 5,464 கிலோமீட்டர். சிங்காய் மாகாணத்தின் பயன்ஹார் மலைகளில் தோன்றி, உள்மங்கோலியா வரை வடக்கே ஒரு பெரும் வளைவு வளைந்து, பிறகு தெற்கே திரும்பி, ஷான்ஷி, ஷென்ஷி மாகாணங்களைப் பிரிக்கும் குறுகிய பள்ளத்தாக்கின் வழியே இறங்கி, துங்குவானில் கிழக்கு முகமாகி, சமவெளியைக் கடந்து போஹாய் கடலில் கலக்கிறது. நீரைக் கொண்டு பார்த்தால் இது அப்படியொன்றும் பெரிய ஆறன்று; யாங்சி ஆற்றில் ஓடுவதில் சுமார் பதினாறில் ஒரு பங்கு நீர்தான் இதற்கு உண்டு. ஆனால் கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் யாங்சியைப் போல மூன்று மடங்கு மண்ணை இது சுமந்தது. நீர் ஓரிடத்திலிருந்தும் மண் வேறோரிடத்திலிருந்தும் வருவதே இதன் காரணம். நீரில் பாதிக்கு மேல் லான்ச்சோ நகருக்கு மேற்கிலுள்ள உயர்நிலத்திலிருந்து வருகிறது. அங்கே ஆறு பெருமளவு தெளிந்தே ஓடுகிறது. மண்ணில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, ஆற்றின் நடுப்பகுதியும் வூதிங், குயே, ஜிங், வெய் முதலிய துணையாறுகளும் அரித்துவரும் லோயெஸ் மேட்டுநிலத்திலிருந்து வருகிறது.

காற்று குவித்த நிலம்

லோயெஸ் என்பது காற்று கொண்டுவந்து படியவைத்த புழுதி. வடமேற்கின் பாலைநிலங்களிலிருந்து குளிர்காலக் காற்று 26 லட்சம் ஆண்டுகளாக வாரிக்கொண்டு வந்த இந்தப் புழுதி, ஆறு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில், பல இடங்களில் 100 முதல் 200 மீட்டர் கனத்துக்குக் குவிந்திருக்கிறது. இதன் துகள் பெரும்பாலும் 0.01 மில்லிமீட்டருக்கும் 0.05 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டது. மணலைவிட நுண்ணியது, களிமண்ணைவிடப் பருத்தது. உலர்ந்த நிலையில் இதைச் செங்குத்தாக வெட்டினால் வெட்டிய சுவர் இடியாமல் நிற்கும். மேட்டுநிலத்து மக்கள் சரிவுகளைக் குடைந்து குகைவீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ முடிந்தது இதனால்தான். நனைந்தால், துகள்களைப் பிணைத்திருக்கும் சுண்ணாம்புப் பிடிப்பு தளர்ந்து, சுவர் பாளம் பாளமாகச் சரிந்து ஓடைக்குள் விழும். இங்கே ஆண்டு மழை குறைவு. ஆனால் அதில் பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், சில மணிநேரம் கொட்டித் தீர்க்கும் பேய்மழையாகப் பெய்கிறது. ஆண்டு முழுவதும் ஆறு சுமக்கும் மண்ணில் பெரும்பங்கு இந்த ஒருசில மழைகளில்தான் இறங்குகிறது. 1933ஆம் ஆண்டு ஆகஸ்டில் அடுத்தடுத்து வந்த பெருமழையால் அந்த ஓர் ஆண்டின் சுமை மட்டும் 391 கோடி டன்னை எட்டியது.

இந்த எண்கள் கிடைக்கும் வழி எளிமையானது, உழைப்பு மிகுந்தது. இருமுனையும் திறந்த உலோகக் குழாய் ஒன்றை நீரோட்டத்தின் திசையில் கிடத்தியபடி ஆற்றுக்குள் இறக்கி, வேண்டிய ஆழத்தில் இரு மூடிகளையும் ஒரே நேரத்தில் அடித்து மூடி, உள்ளே சிக்கிய கலங்கல் நீரோடு மேலே தூக்குவார்கள். ஆற்றின் அகலத்தில் பல இடங்களிலும், ஒவ்வோரிடத்திலும் பல ஆழங்களிலும் இவ்வாறு எடுத்த நீரைத் தெளியவைத்து, வடித்து, அடியில் தங்கிய மண்ணை உலர்த்தி எடைபோட்டால் ஒரு கன மீட்டர் நீரில் எத்தனை கிலோ மண் என்ற செறிவு கிடைக்கும். அதை நீரோட்டத்தின் அளவால் பெருக்கினால் ஆற்றின் சுமை தெரியும். இம்முறையில் அளக்கப்படுவது நீரில் மிதந்தபடி செல்லும் மண். அடித்தளத்தில் உருண்டும் தத்தியும் செல்லும் பருமணல் தனிக்கணக்கு. மஞ்சள் ஆற்றில் மிதந்து செல்வதே மிகப் பெரும்பங்கு என்பதால் இந்தக் குறை அதிகம் உறுத்துவதில்லை.

பெரும்பாலான பேராறுகளின் சராசரிச் செறிவு கன மீட்டருக்கு ஒரு கிலோவைக்கூட எட்டாது. மஞ்சள் ஆற்றின் பழைய சராசரி சுமார் 35 கிலோ. 1977 ஆகஸ்ட் வெள்ளத்தில் அது 900 கிலோவைத் தாண்டியது. அப்போது ஓடிய குழம்பில் நீரின் எடையைவிட மண்ணின் எடை அதிகம். இத்தகைய மிகைச்செறிவு ஓட்டம் சாதாரண நீரின் விதிகளுக்குக் கட்டுப்படுவதில்லை. குழம்பின் அடர்த்தி கூடுவதால் துகள்கள் கீழே படிவது மந்தமாகிறது. அடித்தளத்தை அது இழுக்கும் விசையும் பெருகுகிறது. பள்ளத்தாக்கின் வாயிலான லோங்மென் அருகே, ஆற்றின் அடித்தளத்திலிருந்து இறுகிய வண்டல் பாளங்கள் முழுதாகப் பெயர்ந்து, நீர்மட்டத்துக்கு மேல் சுவர்போல் எழுந்து நின்று, பிறகு கவிழ்ந்து கரைந்துபோவதைக் கரையில் நின்றவர்கள் கண்டு பதிவுசெய்திருக்கின்றனர். பல ஆண்டுகளில் மேடிட்ட அடித்தளம் ஒரே வெள்ளத்தில் பல மீட்டர் தாழ்ந்துபோவதுண்டு. வண்டல் எப்போதும் படியும், படிந்தது அப்படியே கிடக்கும் என்ற எளிய கணக்கு இந்த ஆற்றில் செல்லாது.

உழவுக்கு முன்னும் பின்னும்

அளவுநிலையம் இல்லாத காலத்தின் சுமையை அறிய ஆறு மண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடங்களைத் தோண்ட வேண்டும். சமவெளியிலும் கழிமுகத்திலும் துளையிட்டு எடுத்த மண்தூண்களில், எந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று கரிமக் காலக்கணிப்பின் மூலம் அறிந்து, ஒவ்வோர் அடுக்கின் கனஅளவையும் கணக்கிட்டால், அந்தந்தக் காலத்தில் ஆறு ஆண்டுக்கு எவ்வளவு மண் கொண்டுவந்தது என்று மதிப்பிடலாம். போஹாய் கடற்கரையில் வரிசையாகக் காணப்படும் சிப்பிமேடுகளும் இதற்கு உதவுகின்றன. ஆறு ஓரிடத்தில் வண்டல் கொட்டுவதை நிறுத்தியபின்தான் அலைகள் அங்கே சிப்பிகளைச் சேர்த்து மேடாக்கும், ஆகவே ஒவ்வொரு மேடும் ஒரு பழைய கரையோரத்தைக் காட்டுகிறது. அமெரிக்கக் கடற்புவியியலாளர் ஜான் மில்லிமன் சீன ஆய்வாளர்களோடு சேர்ந்து 1987இல் வெளியிட்ட ஆய்வு, மேட்டுநிலத்தில் பெருமளவு உழவு பரவுவதற்கு முன் ஆற்றின் சுமை பிற்காலச் சுமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் என்று காட்டியது. பின்வந்த ஆய்வுகளும் அதை ஒட்டிய எண்களையே தந்தன. அன்றைய மேட்டுநிலம் புல்லும் புதரும், ஈரமான மடுக்களில் மரங்களுமாக இருந்தது. அரிப்பு அப்போதும் இருந்தது, வேகம்தான் வேறு.

சின், ஹான் அரசுகளின் காலத்தில், அதாவது பொது ஆண்டுக்கு முந்தைய மூன்றாம் நூற்றாண்டிலிருந்து, வடக்கு எல்லையைக் காக்கவென்று மேட்டுநிலத்தில் குடியேற்றங்கள் பெருகின. பேரரசர் வூ காலத்தில் வெள்ளத்தால் நொடிந்துபோன கிழக்கு மாவட்டங்களிலிருந்து சுமார் ஏழு லட்சம் பேர் வடமேற்குக்குக் குடிபெயர்க்கப்பட்டதாக ஹான் வரலாறு பதிந்திருக்கிறது. மேட்டுநிலம் உழப்பட்டது, கீழே ஆறு கலங்கியது. பொது ஆண்டு 4ஐ ஒட்டி, ஜாங் ரோங் என்ற அதிகாரி, ஆற்றில் பத்துப் பங்கு கலங்கலுக்கு ஆறு பங்கு மண் இருப்பதாகவும், மேலே பாசனத்துக்கு நீரை எடுக்க எடுக்க ஓட்டம் மந்தமாகிக் கீழே மண் தங்குவதாகவும் அரசுக்கு எடுத்துரைத்தார். ஆறு பங்கு என்பது மிகையாக இருக்கலாம். ஓட்டம் குறைந்தால் மண் தங்கும் என்ற கருத்தில் பிழையே இல்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த ஆற்றின் பொறியாளர்கள் அதே சிக்கலோடுதான் போராடுகின்றனர்.

அவர் பேசிய சில ஆண்டுகளிலேயே கரை உடைந்தது. ஹெனான் மாகாணத்தில் சான்யாங்சுவாங் என்ற இடத்தில் 2003இல் கண்டெடுக்கப்பட்ட ஹான் காலக் கிராமம் அந்தப் பேரழிவின் சாட்சி. பல மீட்டர் வண்டலுக்கு அடியில் வீடுகளின் ஓட்டுக்கூரைகள் சரிந்த வரிசையிலேயே கிடந்தன. கொல்லையில் கிணறு, வயலில் உழவுசால்கள், சேற்றில் பதிந்த முசுக்கொட்டை இலைகளின் அச்சு எல்லாம் அப்படியே இருந்தன. இவ்விடத்தை ஆராய்ந்தவர்களில் ஒருவரான அமெரிக்கத் தொல்லியலாளர் டிரிஸ்ட்ரம் கிடர், மேலே உழவு, கீழே கரை, கரைக்குள் தூர், மேலும் உயரமான கரை, இறுதியில் உடைப்பு என்ற சுழற்சி அப்போதே முழு உருப்பெற்றுவிட்டது என்று காட்டுகிறார்.

பொது ஆண்டு 69-70இல் வாங் ஜிங் என்ற பொறியாளர் கரைகளைச் சீரமைத்தபின், ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் ஆறு பெரிதாகத் தடம்மாறவில்லை. இதற்கு வாங் ஜிங்கின் திறமையே காரணம் என்பது மரபான விளக்கம். வரலாற்றுப் புவியியலாளர் டான் ச்சீசியாங் 1962இல் எழுதிய கட்டுரை இதை மறுத்தது: ஹான் அரசு தளர்ந்தபின் மேட்டுநிலத்தில் நாடோடி மேய்ப்பர்கள் பரவி, உழவு நிலம் மீண்டும் புல்வெளியானதால் மண் வருவது குறைந்தது என்றும், கீழே ஏற்பட்ட அமைதி மேலே நேர்ந்த இந்த மாற்றத்தின் பலன் என்றும் அவர் வாதிட்டார். சமவெளியில் அப்போது இருந்த ஏரிகளும் கிளையாறுகளும் வண்டலை வாங்கிக்கொண்டன என்று எதிர்வாதம் செய்தோர் உண்டு. விவாதம் ஓயவில்லை, ஆனாலும் பிற்காலத்தில் காடுவளர்ப்புத் திட்டங்களின் பலனை அளந்தவர்கள், டான் காட்டிய காரணத்துக்கு வலுச் சேர்த்துள்ளனர் என்றே சொல்ல வேண்டும். தாங் காலத்தின் பிற்பகுதியிலிருந்து உழவு மீண்டும் மேலேறியது. மிங், சிங் காலங்களில் மக்கள்தொகை பெருக, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் செங்குத்துச் சரிவுகளையும் விளைநிலமாக்கின. 1919இல் அளவீட்டாளர்கள் அளக்கத் தொடங்கியது இந்த நீண்ட ஏறுமுகத்தின் உச்சியை.

கரைக்குள் வளர்ந்த ஆறு

பள்ளத்தாக்கை விட்டு வந்த 160 கோடி டன்னில் சுமார் 40 கோடி டன் கடலுக்குப் போய்ச்சேராமல், சமவெளியில் இரு கரைகளுக்கு நடுவே படிந்தது. ஆற்றுப்படுகை ஆண்டுக்குப் பல சென்டிமீட்டர் உயர்ந்தது. படுகைக்கேற்பக் கரையும் உயர்த்தப்பட்டது. இதன் விளைவாக ஆறு சுற்றியுள்ள நிலத்துக்கு மேலே ஓடுகிறது. கைஃபெங் நகரருகே படுகை நகரத் தரையைவிட ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடசோங் பேரரசின் தலைநகராக விளங்கிய கைஃபெங்கின் அக்காலத் தெருக்களைக் காண அகழ்வாய்வாளர்கள் பல மீட்டர் வண்டலைத் தோண்ட வேண்டியிருந்தது. இப்படி உயர்ந்த ஆறு ஒருமுறை உடைத்தால் தானாகப் பழைய தடத்துக்குத் திரும்புவது அரிது. தாழ்ந்த நிலத்தைத் தேடிப் புதுத்தடம் பிடிக்கும். கடந்த 2,500 ஆண்டுகளில் 1,500க்கும் மேற்பட்ட உடைப்புகளும் 26 பெரிய தடமாற்றங்களும் நேர்ந்ததாக மரபுவழிக் கணக்கு கூறுகிறது.

எல்லா உடைப்பும் வெள்ளத்தின் வேலையன்று. 1128இல் ஜின் படையைத் தடுக்கச் சோங் ஆளுநர் டு சோங் கரையை வெட்டிவிட்டதில் ஆறு தெற்கே திரும்பி, காலப்போக்கில் ஹுவாய் ஆற்றின் வழியைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் கடலில் கலந்தது. 1855இல் டோங்வாசியாங்கில் உடைத்து வடக்கே திரும்பும்வரை அங்கேயே ஓடியது. 1938 ஜூனில் ஜப்பானியப் படையைத் தடுக்க சியாங் கை-ஷேக் அரசு ஹுவாயுவான்கோவில் கரையை உடைத்ததில் மாண்டவர்களின் எண்ணிக்கை பல லட்சம் என்று மதிப்பிடப்படுகிறது. அந்த உடைப்பை அடைக்க 1947 வரை ஆயிற்று.

வண்டலை எதிர்த்து வகுக்கப்பட்ட கோட்பாடுகளில் மிகக் கூர்மையானது மிங் காலத்து ஆற்று அதிகாரி பான் ஜிசுன் (1521-1595) வகுத்தது. கரைகளை விலக்கி ஆற்றுக்கு இடம்கொடுப்பதே அதுவரையிலான பழக்கம். இடம் அகன்றால் ஓட்டம் மந்தமாகும், மந்தமானால் மண் படியும் என்பதை உணர்ந்த பான், ஆற்றை நெருங்கிய கரைகளுக்குள் ஒடுக்கி, வேகமெடுத்த நீரே படுகையைக் கடைந்து மண்ணைக் கடலுக்குத் தள்ளும்படி செய்தார். அதற்குத் துணையாக ஹுவாய் ஆற்றின் தெளிந்த நீரைத் தேக்கி அதில் கலக்கவும் விட்டார். படுகையின் மேற்பகுதி ஓரளவு தாழ்ந்தது. கடைந்தெடுத்த மண் முகத்துவாரத்தில் குவிந்து கடலைப் பின்னுக்குத் தள்ள, ஆற்றின் நீளம் கூடி, சரிவு குறைந்து, சிக்கல் கீழ்முனையிலிருந்து மீண்டும் மேலேறியது. ஓட்டத்தைக் கொண்டே மண்ணை வெல்லலாம் என்ற அவர் எண்ணம் மட்டும் பிழைத்து, நானூறு ஆண்டு கழித்து வேறு உருவில் திரும்பியது.

சான்மென்ஷியா

மக்கள் சீன அரசு சோவியத் வல்லுநர்களின் உதவியோடு வகுத்து 1955இல் அறிவித்த திட்டத்தின் மையம், பள்ளத்தாக்கின் கடைவாயிலில் எழவிருந்த சான்மென்ஷியா அணை. மேட்டுநிலத்தில் மண்காப்பு விரைவில் பலன் தந்து மண்வரத்தை வெகுவாகக் குறைத்துவிடும் என்பது அதன் அடிப்படை அனுமானம். சிங்ஹுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹுவாங் வான்லி 1957இல் நடந்த விவாதத்தில் இதை வெளிப்படையாக எதிர்த்தார்: மண் வந்துகொண்டேதான் இருக்கும், அது தேக்கத்தின் மேல்முனையில் படிந்து வெய் ஆற்றை முட்டுக்கட்டி நிறுத்தும், கட்டியே தீருவதானால் அணையின் அடிமதகுகளையாவது பிற்காலத்துக்கென்று திறந்து வையுங்கள் என்றார். அவருடைய வாதம் எடுபடவில்லை. அதே ஆண்டு வலதுசாரி என முத்திரை குத்தப்பட்டார். அடிமதகுகள் கான்கிரீட்டால் அடைக்கப்பட்டன.

1960 செப்டம்பரில் நீர் தேக்கத் தொடங்கிய அணையில், ஒன்றரை ஆண்டுக்குள் சுமார் 150 கோடி டன் வண்டல் தங்கியது. துங்குவானில் ஆற்றுப்படுகை நான்கு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. வெய் ஆறு பின்தேங்கி வளமான வயல்களை மூழ்கடித்தது, சியான் நகருக்கே ஆபத்து நெருங்கியது. 1962 முதல் நீர் தேக்குவது கைவிடப்பட்டு, பக்கச் சுரங்கங்கள் வெட்டப்பட்டு, மின்னாக்கிக் குழாய்கள் வண்டல் கழிக்கும் வழிகளாக்கப்பட்டு, இறுதியில் அடைத்துவைத்த அதே அடிமதகுகள் உடைத்துத் திறக்கப்பட்டன. வெள்ளக் காலத்தில் கலங்கலை அப்படியே கடத்திவிட்டு, மழை ஓய்ந்து நீர் தெளிந்தபின் மட்டும் தேக்குவது என்ற நடைமுறை 1973 முதல் வந்தது. நீர்த்தேக்கங்களில் வண்டல் மேலாண்மைக்குச் சீனம் உலகுக்குத் தந்த நெறி என்று இன்று பாடநூல்கள் இதைப் பாராட்டுகின்றன. லட்சக்கணக்கானோரைக் குடிபெயர்த்துத் தோற்ற ஓர் அணையிலிருந்துதான் அந்த நெறி வந்தது என்பதைப் பல நூல்கள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன.

அந்தத் தோல்வி ஆய்வுக்கு உந்துதலாக அமைந்தது என்பதும் உண்மை. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் மகனும் வண்டல் இயக்க அறிஞருமான ஹான்ஸ் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனிடம் பயின்று நாடு திரும்பிய ச்சியென் நிங், கீழ்ப்படுகையில் படிந்த மண்ணைத் துகள் அளவுப்படி பிரித்தாராய்ந்தார். நுண்துகள் பெரும்பாலும் கடலுக்குப் போய்விடுகிறது, 0.05 மில்லிமீட்டரைவிடப் பருத்த துகளே படுகையை மேடாக்குகிறது. அந்தப் பருந்துகள் மேட்டுநிலம் முழுவதிலுமிருந்து வராமல், நடுப்பகுதியின் ஒரு சிறு வட்டாரத்திலிருந்தே பெரும்பாலும் வருகிறது என்று அவரும் உடனிருந்தோரும் கண்டனர். எங்கே தடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு முதன்முறையாகத் தெளிவான விடை கிடைத்தது.

மண் எங்கே போயிற்று

சுமை ஒரே வீச்சில் குறையவில்லை. 1960க்குப் பின் படிப்படியாக இறங்கி, 1987க்கும் 1999க்கும் இடையில் சுமார் 80 கோடி டன்னாகப் பாதியாகி, பிறகு செங்குத்தாக விழுந்தது. முதல் கட்டத்தின் காரணங்கள் பெரும்பாலும் கட்டுமானங்கள்: மேலே கட்டிய நீர்த்தேக்கங்கள், சரிவுகளில் வெட்டிய அடுக்கு வயல்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஓடைத் தடுப்பணைகள். ஓடையின் குறுக்கே மண்ணால் ஒரு சுவர் எழுப்பினால் ஒவ்வொரு மழையும் அதன் பின்னே ஒரு படலம் வண்டலை விட்டுச்செல்லும்; சில ஆண்டுகளில் பள்ளம் தூர்ந்து சமதரையாகும். அவ்வாறு உருவான நிலம் ஈரமும் சத்தும் நிறைந்ததால் ஊரிலேயே நல்ல விளைநிலம் அதுவாகிவிடும். மக்காச்சோளம் சரிவில் விளைவதைப் போலப் பல மடங்கு அங்கே விளையும். உழவருக்கு நிலம், ஆற்றுக்குத் தெளிவு என இரட்டைப் பயன் தந்ததால், மேட்டுநிலத்தில் இன்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தடுப்பணைகள் இருக்கின்றன. தூர்ந்து நிரம்பிய அணை மேற்கொண்டு பிடிக்கும் மண் சொற்பமே என்பதுதான் இதிலுள்ள குறை.

இரண்டாம் கட்டம் தாவர மூட்டத்தின் கதை. 1999இல் தொடங்கிய, விளைநிலத்தைக் காட்டுக்கும் புல்லுக்கும் திருப்பும் திட்டத்தில், செங்குத்துச் சரிவில் உழுவதை நிறுத்திய குடும்பங்களுக்கு அரசு தானியமும் பணமும் நாற்றும் தந்தது. பல மாவட்டங்களில் ஆடுகளை வெளியே மேய்ப்பதும் தடைசெய்யப்பட்டது. இளையோர் நகரங்களுக்குப் பிழைக்கப் போனதும் சரிவுகளை உழ ஆளில்லாமல் செய்தது. இந்தக் காரணத்துக்கு அரசு அறிக்கைகள் தரும் இடம் போதாது. மேட்டுநிலத்தின் தாவர மூட்டம் 1999இல் இருந்த சுமார் 32 விழுக்காட்டிலிருந்து 2013இல் 60 விழுக்காடாக உயர்ந்ததாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணிக்கப்பட்டிருக்கிறது. 1990களுக்கு முந்தைய வீழ்ச்சிக்குக் கட்டுமானங்களும் பிந்தைய வீழ்ச்சிக்குப் பசுமையும் முதன்மைக் காரணங்கள் என்று 2016இல் வெளிவந்த ஒரு விரிவான ஆய்வு பிரித்துக் காட்டியது. அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நட்ட மரமும் புல்லும் உறிஞ்சும் நீர், அப்பகுதியின் நீர்வளம் தாங்கக்கூடிய எல்லையை நெருங்கிவிட்டது என்று எச்சரித்தது. அயலிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்கள் சில இடங்களில் பல மீட்டர் ஆழம்வரை மண்ணின் ஈரத்தை வற்றச்செய்து, பின் தாமே வளர்ச்சி குன்றி நிற்கின்றன. வானத்திலிருந்து எடுத்த படத்தில் பச்சை தெரியும். அடிமண்ணின் வறட்சி தெரியாது.

இன்றைய சுமை உழவுக்கு முந்தைய சுமையை நெருங்கிவிட்டதால், ஆறு தன் பழைய இயல்புக்குத் திரும்பிவிட்டது என்று மகிழ்வோர் பெருகியிருக்கின்றனர். எண்கள் ஒத்திருக்கின்றன, ஆறு ஒத்திருக்கவில்லை. அன்று மண் அவ்வளவாகக் கிளம்பவே இல்லை. இன்று மண்ணில் ஒரு பங்கு கிளம்பி, சுவர்களுக்குப் பின்னே நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அன்றைய ஆற்றில் முழு நீரும் ஓடியது. இன்று பாசனமும் நகரங்களும் ஆலைகளும் எடுத்தது போகத் துங்குவானில் முன்பு ஓடியதில் ஏறத்தாழ பாதி நீர்தான் ஓடுகிறது. 1972 முதல் பல ஆண்டுகளில் ஆறு கடலை எட்டாமலே வறண்டது. 1997இல் முகத்துவாரத்தருகே லிஜின் நிலையத்தில் 226 நாள் நீரோட்டம் இல்லை. 1999இல் நீர்ப்பங்கீடு கடுமையாக்கப்பட்ட பின்பே அந்நிலை மாறியது. சமவெளியில் உயர்ந்து நிற்கும் படுகையும் கரையும் உழவுக்கு முந்தைய காலத்தவை அல்ல. அவை 160 கோடி டன் காலத்தின் எச்சம்.

அந்த உயர்ந்த படுகை மேலும் மேடேறாமல் தடுப்பதற்காகவே 2001இல் நிறைவடைந்த ஷியாவோலாங்டி அணையின் மொத்தக் கொள்ளளவான 1,265 கோடி கன மீட்டரில் 755 கோடி கன மீட்டர் வண்டல் தங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 2002 ஜூலை முதல், மழைக்காலத்துக்கு முன் தேக்கத்தைத் திறந்து செயற்கை வெள்ளம் விட்டு, கீழ்ப்படுகையைக் கடைந்து மண்ணைக் கடலுக்கு அனுப்புகின்றனர். தேக்கத்துக்குள்ளேயே கலங்கல் நீர் தன் கனத்தால் தெளிந்த நீருக்கு அடியில் தனி ஓட்டமாக ஊர்ந்து அணைச்சுவரை அடைவதுண்டு. அந்த அடியோட்டம் வந்து சேரும் வேளையறிந்து அடிமதகைத் திறப்பது இங்கே ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. பான் ஜிசுன் கரைகளை ஒடுக்கிப் பெற்ற வேகத்தை இவர்கள் மதகைத் திறந்து பெறுகின்றனர். 2002இல் கரைமீறாமல் விநாடிக்கு 1,800 கன மீட்டர் நீரையே சில இடங்களில் கடத்திய கீழ்ப்படுகை, இப்போது 4,000 கன மீட்டருக்கு மேல் கடத்துகிறது. நெடுங்காலம் மேடேறிய படுகை தாழத் தொடங்கியது சிறிய செய்தியன்று.

கழிமுகத்தின் கதை இதற்கு நேர்மாறு. 1855க்குப் பின் போஹாய் கடலில் ஆறு ஆண்டுக்கு இருபது சதுர கிலோமீட்டருக்குக் குறையாமல் புதுநிலம் படைத்தது. அந்த நிலத்தில்தான் ஷெங்லி எண்ணெய் வயலும் டோங்யிங் நகரும் எழுந்தன. 1976இல் பொறியாளர்கள் ஆற்றைத் தெற்கேயுள்ள புதுத்தடத்துக்குத் திருப்பிய நாள்முதல், கைவிடப்பட்ட வடக்குக் கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. இப்போது ஓடும் முகத்துவாரத்திலும் வளர்ச்சி மந்தமாகி, செயற்கை வெள்ளம் விடும் ஆண்டுகளில் சற்றே கூடுவதும் மற்ற ஆண்டுகளில் குறைவதுமாக இருக்கிறது. எண்ணெய்க் கிணறுகளைக் காக்கக் கடற்சுவர்கள் எழுப்பப்பட்டுள்ளன. மிசூரி அணைகளுக்குப் பின் வண்டல் பாதிக்கும் கீழே குறைந்த மிஸிஸிப்பியின் கழிமுகமும், அஸ்வான் உயரணைக்குப் பின் நைல் கழிமுகமும் இதே நிலையில் உள்ளன. மேலே வெள்ள அபாயமாக எண்ணப்படும் அதே மண், கீழே நிலத்துக்கு உணவு.

இனி எவ்வளவு மண் வரும் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 2015இல் துங்குவானைக் கடந்தது ஆறு கோடி டன்னுக்கும் குறைவு. மூன்றே ஆண்டில் அது பல மடங்காகப் பெருகியது. 2017 ஜூலையில் வூதிங் படுகையில் ஓரிரவு கொட்டிய மழையில் சுயிதே, சிஜோ ஆகிய ஊர்களின் தெருக்கள் சேற்றில் மூழ்கின. அத்தனை பசுமைக்குப் பின்னும் ஒரு பெருமழை எவ்வளவு மண்ணைக் கிளப்பவல்லது என்பதை அது காட்டியது. இதை வைத்து ஆற்றுப் பொறியாளர்கள் இரு பிரிவாகி நிற்கின்றனர். மண்வரத்து இப்படியே நிலைக்குமானால், சமவெளியில் பல கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு கரைகளையும் நெருக்கிக் கட்டி, அவற்றுக்கு நடுவே வெள்ளத்துக்கு அஞ்சிக் கோதுமை பயிரிட்டுவரும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்த நிலத்தை உறுதியாக்கலாம் என்கிறது ஒரு பிரிவு. தடுப்பணைகள் தூர்ந்து, ஷியாவோலாங்டியின் வண்டல் இடமும் நிரம்பியபின் என்ன செய்வது என்று கேட்கும் மற்றப் பிரிவு, அகன்ற இடைவெளியை விட்டுக்கொடுக்க மறுக்கிறது. இந்த வாதம் தீர்வதற்குள்ளாகவே, ஷான்ஷிக்கும் ஷென்ஷிக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில், வண்டலைத் தடுப்பதையும் ஷியாவோலாங்டியின் செயற்கை வெள்ளத்துக்கு நீர் கொடுத்து உதவுவதையும் நோக்கமாகக் கொண்ட குசியான் அணையின் கட்டுமானம் 2024இல் தொடங்கிவிட்டது.